வாரம் 75 டாலர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் முதுகலை படிக்கும் பிள்ளைகளுக்குத் துறை அலுவலகத்திலிருந்து ஓயாமல் அறிவிப்புகள் வந்துகொண்டிருக்கும். தொழில் அறநெறிப் போட்டிக்கு அணி சேர்க்கிறார்கள். கை சிக்மா அயோட்டா கௌரவச் சங்கத்தில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். களப்பயிற்சிக்கு இடம் தரும் மையங்கள் அடுத்த வாரம் வருகின்றன. உரிமத் தேர்வுக்குப் பதிவு தொடங்கிவிட்டது. பள்ளி ஆலோசகராவதற்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகள் இவற்றில் முக்கால்வாசியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒன்றை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தாள். ஆலோசகர் பற்றாக்குறை உள்ள பள்ளிகளில் சில ஆண்டு வேலை பார்க்கச் சம்மதித்தால், பயிற்சிக் காலத்தில் மத்திய அரசு நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கும் என்றது அந்த அறிவிப்பு.

“சித்தப்பா, கவுன்சலிங் படிக்கிறவங்களுக்குக் காசு கொடுக்கணும்னு முதல்ல யாருக்குத் தோணியிருக்கும்?”

“அரசாங்கத்துக்குத்தான்” என்றேன்.

“அது தெரியாமலா கேக்கறேன்? எதுக்குத் தோணுச்சு, அதைச் சொல்லுங்க.”

பழைய சட்டப் புத்தகங்களைக் கிண்டுவதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேள்வி என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம்.

அவள் கவலை நியாயமானது. இந்தப் படிப்புக்கு இப்போது 60 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். அதற்குள் 100 மணி நேரம் ப்ராக்டிகம் என்ற தொடக்கக் களப்பயிற்சி. அதில் குறைந்தது 40 மணி நேரமாவது உதவி தேடி வந்தவருடன் நேரடியாகப் பேசிய நேரமாக இருக்க வேண்டும். அதை முடித்தால் 600 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் 240 மணி நேரம் நேரடிப் பணி. பெரும்பாலான இடங்களில் இதற்குச் சம்பளம் இல்லை. அது மட்டுமல்ல, அந்த நேரமும் பாடக் கணக்கில் வருவதால், வேலை பார்ப்பதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் கட்டணம் கட்டுகிறார். இரவில் காப்பிக் கடையில் நின்றுவிட்டுக் காலையில் பள்ளியில் ஒரு பையனின் கதையைக் கேட்க உட்காருகிறவர்கள் இவள் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

முதலில் விதிமுறைகளின் தடத்தில் போனேன். இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேக்ரெப் என்ற அமைப்பு 1981-இல் தோன்றியது. அதற்கு முன்னோடி, ஆலோசகர்களை உருவாக்கும் பேராசிரியர்களின் சங்கம் 1973-இல் வகுத்த தர விதிகள். ஆலோசகருக்கு உரிமம் கொடுக்கச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் வர்ஜீனியா, 1976-இல். கடைசி மாநிலம் கலிஃபோர்னியா, 2009-இல். பாடக் கணக்கு, மணிக் கணக்கு, மேற்பார்வைக் கணக்கு எல்லாம் அந்தத் தடத்தில் கிடைத்தன. மாணவர் கைக்குக் காசு எப்படி வந்தது என்பதற்கு அங்கே விடை இல்லை. விதி எழுதியவர்கள் வேறு, பணம் கொடுத்தவர்கள் வேறு.

அதனால் தொழில் பிறந்த இடத்துக்கே போய்விடலாம் என்று பாஸ்டனுக்குப் போனேன். நார்த் எண்ட் பகுதியில் சேலம் தெரு என்று குறுகலான ஒரு தெரு. ஓல்ட் நார்த் தேவாலயத்தைப் பார்க்க வருகிற கூட்டமும் இத்தாலியக் கடைகளில் நிற்கிற கூட்டமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும். 1908-இல் இதே தெருவில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும் இத்தாலியர்களும் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். அவர்களுக்காக சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்ற நல இல்லம் 1901 முதல் இங்கே நடந்தது. நடத்தியவர் மையர் புளூம்ஃபீல்ட், அவரும் குடியேறியவர்தான். செலவு பாலின் அகாசி ஷா என்ற செல்வச் சீமாட்டியுடையது. கணவர் வழியில் வந்த செப்புச் சுரங்கப் பணம். அந்த இல்லத்தில் 1908 ஜனவரி 13 அன்று ‘வொகேஷன் பீரோ’ என்ற ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. என்ன வேலைக்குப் போவது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் வந்து பேசலாம். திறந்தவர் ஃபிராங்க் பார்சன்ஸ்.

இந்த மனிதரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் பரிவும் சேர்ந்தே வந்தன. நான் குடியிருக்கும் நியூ ஜெர்சியில், மவுண்ட் ஹாலியில் 1854-இல் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து ரயில்வேயில் சேர்ந்தார். 1873-இன் பொருளாதாரச் சரிவில் வேலை போயிற்று. இரும்பாலையில் கூலி வேலை பார்த்தார். பள்ளி ஆசிரியரானார். சட்டம் படித்துத் தேறினார், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார். கான்சஸ் வேளாண் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, அரசியல் மாறியபோது வெளியேற்றப்பட்டார். நடுவில் பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். எந்த வேலையிலும் நிலைக்க முடியாமல் போனவர்தான் ஊராருக்கு வேலை தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். அதற்கு அவரைவிடத் தகுதியானவர் வேறு யார் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய ‘சூஸிங் எ வொகேஷன்’ 1909-இல் வெளிவந்தது. நூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வந்தவர் கையில் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வரச் சொல்வார். கை குலுக்குவது எப்படி இருக்கிறது, புன்னகை எப்படி, உடை எப்படி என்பது வரை கேள்விகள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் தலை அமைப்பைக் கவனித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மண்டையைப் பார்த்துக் குணம் சொல்லும் பழைய பழக்கத்தின் மிச்சம். இன்று ப்ராக்டிகம் மாணவி ஒருத்தி அப்படிக் குறிப்பு எழுதினால் மேற்பார்வையாளர் அன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார். ஆனால் அந்த விநோதங்களுக்கு நடுவே அவர் வகுத்த மூன்று படிகள் இன்றும் பாடத்தில் இருக்கின்றன: தன்னை அறிவது, வேலைகளின் உலகை அறிவது, இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை நிதானமாக யோசிப்பது.

1908 மே 1 அன்று அவர் கொடுத்த அறிக்கையில் எண்பது பேர் வந்து போயிருப்பதாகச் சொல்கிறார். வயது 15 முதல் 72 வரை. அதே அறிக்கையில்தான் நான் தேடிவந்த விஷயத்தின் முதல் விதை கிடைத்தது. இந்தப் பணி பொதுப் பள்ளிகளின் பகுதியாக வேண்டும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் எவ்வளவு கவனத்தோடு பயிற்சி தருகிறோமோ அவ்வளவு கவனத்தோடு இதற்கும் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை. ஆலோசகர்களைத் தயாரிக்கும் பயிற்சி ஒன்றை பாஸ்டன் ஒய்.எம்.சி.ஏ.வில் ஏற்பாடு செய்தார். அது நடை பழகுவதற்குள், செப்டம்பர் 26 அன்று, இறந்துபோனார். அந்தப் புத்தகம்கூட அவர் கண்ணால் பார்த்ததல்ல.

அவருக்குப் பின் புளூம்ஃபீல்ட் பொறுப்பேற்றார். பாஸ்டன் பள்ளிகளில் 117 ஆசிரியர்கள் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டார்கள். பெயர்தான் நியமனம். வகுப்பும் குறையவில்லை, சம்பளமும் கூடவில்லை. பள்ளி விட்ட பிறகு கூட்டத்துக்கு வந்து கற்றுக்கொண்டார்கள். 1911-இல் ஹார்வர்டில் புளூம்ஃபீல்ட் இந்தத் துறையின் முதல் பல்கலைக்கழகப் பாடத்தை எடுத்தார். 1913-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தேசியச் சங்கம் உருவானது. தொழில் நிமிர்ந்துவிட்டது. கற்றுக்கொள்ள வந்தவர் மட்டும் தன் செலவில்தான் வந்தார்.

அடுத்த அரை நூற்றாண்டை வேகமாகத் தாண்டிவிடலாம். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு அறிவுச் சோதனைகள் வந்தன. போர் முடிந்ததும் அவை பள்ளிக்குள் நுழைந்தன. 1946-இன் ஜார்ஜ்–பார்டன் சட்டம் வழியே மாநிலங்களின் வழிகாட்டுதல் பணிக்கு மத்தியப் பணம் கொஞ்சம் கசிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காக முன்னாள் படைவீரர் துறை 1950-களின் தொடக்கத்தில் ஆலோசனை உளவியலாளர்களைத் தேடியது. அந்தப் பணிகள் முனைவர் பட்டப் படிப்புக்கும் மருத்துவமனைக்கும் உரியவை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டு ஆலோசகராக விரும்பிய ஒருவருக்கு இவற்றால் ஒன்றும் இல்லை.

பிறகு 1957 அக்டோபர் 4. சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அது ஒலித்த ‘பீப் பீப்’ சத்தம் வானொலியில் கேட்டபோது அமெரிக்கா கலங்கிப்போனது. ரஷ்யப் பிள்ளைகள் இயற்பியல் படிக்கிறார்கள், நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போயிற்று. கல்விக்கு மத்திய அரசு பணம் தர வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகப் போராடித் தோற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு இது வாய்த்த நேரம். அலபாமாவின் செனட்டர் லிஸ்டர் ஹில்லும், அதே மாநிலத்தின் பிரதிநிதி கார்ல் எலியட்டும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ஹில்லின் செனட் குழுவில் தலைமை எழுத்தராக இருந்தவர் ஸ்டூவர்ட் மெக்லூர். கல்வி என்று பெயர் வைத்தால் தோற்போம், பாதுகாப்பு என்று வைத்தால் எதிர்க்க யாருக்குத் துணிச்சல் வரும் என்ற யோசனை அவருடையது. முதுமையில் செனட் வரலாற்று அலுவலகத்துக்கு அளித்த நேர்காணலில் அந்தப் பெயர் அவலட்சணமானது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். அவலட்சணமோ இல்லையோ, தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் 1958 செப்டம்பர் 2 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்தில் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் தலைப்பைப் படித்தபோது அண்ணன் மகளை அந்த நிமிஷமே கூப்பிட்டேன். இரண்டு பகுதிகள். முதல் பகுதி, மாநிலங்களுக்கு: உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்து, அசாத்தியத் திறமை உள்ளவர்களைக் கண்டெடுத்துக் கல்லூரிக்கு அனுப்ப ஆண்டுக்கு 150 லட்சம் டாலர். இரண்டாம் பகுதி, அந்த வேலைக்கு ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிலகங்கள்: முதல் ஆண்டுக்கு 62.5 லட்சம், பின் மூன்று ஆண்டுகளுக்கும் தலா 72.5 லட்சம் டாலர். பயிலகத்தில் சேரும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வாரம் 75 டாலர் உதவித்தொகை. அவரை நம்பியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் வாரம் 15 டாலர் கூடுதல்.

“குடும்பத்துக்குமா?” என்றாள்.

“குடும்பத்துக்கும்தான்.”

“எங்க டிபார்ட்மென்ட்ல இதைச் சொன்னா நம்பவே மாட்டாங்க சித்தப்பா.”

அந்தக் காலத்தில் அமெரிக்க ஆசிரியரின் சராசரி ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 5,000 டாலர், அதாவது வாரத்துக்கு நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஆசிரியர் கோடை விடுமுறையில் பயிலகத்துக்குப் போனால் வாரம் 120 டாலர். பாடம் எடுத்துச் சம்பாதித்ததைவிடப் பாடம் கேட்டுச் சம்பாதித்தது அதிகம். சட்டம் வந்தபோது நாடு முழுவதும் முழுநேரக் கணக்கில் சுமார் 12,000 பள்ளி ஆலோசகர்கள்தான் இருந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது.

பணத்தோடு ஒரு காகிதமும் வந்தது. அரசைக் கவிழ்க்கும் கொள்கையில் எனக்கு நம்பிக்கையில்லை, அப்படிப்பட்ட எந்த அமைப்பையும் ஆதரிக்கவில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்காதவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு காசும் கிடையாது. ஹார்வர்டும் யேலும் இதை எதிர்த்து 1959-இல் மாணவர் கடன் திட்டத்திலிருந்தே விலகின. 1962-இல் அதிபர் கென்னடி காலத்தில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. அதுவரை, எதிரில் இருப்பவரின் மனதில் என்ன இருந்தாலும் தீர்ப்புச் சொல்லாமல் கேட்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், தங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு. அரசு பணம் கொடுத்தது விஞ்ஞானிகளைப் பொறுக்கியெடுக்க. பயிலகங்களில் பேராசிரியர்கள் கற்றுக்கொடுத்ததில் அது ஒரு பகுதிதான். அப்போது இந்தத் துறையின் காற்றே உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. 1942-இல் அவர் எழுதிய ‘கவுன்சலிங் அண்ட் சைக்கோதெரபி’ ஆலோசகரின் இருக்கையையே மாற்றிப்போட்டிருந்தது: அறிவுரை சொல்லாதே, சோதனை மதிப்பெண்ணை நீட்டாதே, வந்தவர் தன் பேச்சிலேயே தன் வழியைக் கண்டுகொள்ளும்வரை கூட இரு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தன் அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்து, ஒரு முழு சிகிச்சையையும் வார்த்தைக்கு வார்த்தை அந்த நூலில் அச்சிட்டார். அதுவரை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த விஷயம். பயிலகங்கள் இந்த வழியை எடுத்துக்கொண்டன. பயிற்சியாளர் நிஜ மாணவரோடு பேசுவார். பேச்சு டேப்பில் பதிவாகும். பின்னர் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து அதைக் கேட்டு, எங்கே குறுக்கிட்டாய், எங்கே அவசரப்பட்டாய் என்று அலசுவார்கள். இன்று அண்ணன் மகள் தன் பதிவுகளைப் போட்டுக் காட்டிவிட்டு முகம் சிவந்து உட்கார்ந்திருக்கும் அந்த மேற்பார்வை நேரம் இப்படித்தான் நாடெங்கும் வழக்கமானது. ராக்கெட்டுக்கு ஆள் பிடிக்கக் கொடுத்த பணத்தில் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் அமைதியாகக் கேட்கப் படித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அரசாங்கங்களை இந்த மாதிரி ஏமாற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

1964-இல் திருத்தப்பட்ட சட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. எத்தனை மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்ற கணக்கும் அந்தக் காலத்ததுதான். 1959-இல் ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். 250 முதல் 300 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்றது அது. பள்ளி ஆலோசகர் சங்கம் இன்றும் கேட்பது 250 பேருக்கு ஒருவர். 2023–24 கல்வியாண்டில் நாட்டின் சராசரி 376.

ஸ்புட்னிக் பயம் ஓய்ந்ததும் உதவித்தொகையும் வற்றியது. பின்னர் வந்தவை ஒவ்வொன்றும் வேறு வேறு வாசல் வழியே வந்தன. 1970-களில் சிறுபான்மைச் சமூகங்களுக்கான மனநலப் பணியாளர் ஃபெலோஷிப் தொடங்கியது. ஆலோசகர்களுக்கு அதில் தனி இடம் கிடைத்தது 2012-இல்தான். 2022 மே மாதம் டெக்சாஸின் யூவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே மாதத்தில், ஜூன் 25 அன்று, கையெழுத்தான சட்டம் பள்ளி மனநலப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுகளில் 100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு பாதி ஆலோசகர்களை உருவாக்கும் பல்கலைக்கழக–பள்ளிக் கூட்டணிகளுக்கு. பல பிள்ளைகளின் களப்பயிற்சி உதவித்தொகை அந்தப் பணத்திலிருந்துதான் வந்தது. 2025 ஏப்ரல் இறுதியில் கல்வித் துறை அந்த மானியங்களில் பெரும்பகுதியைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. பதினாறு மாநிலங்கள் நீதிமன்றம் போயின.

அரசாங்கம் தன் பிள்ளைகளின் சோகத்தைப் பார்த்து ஆலோசகர் படிப்புக்குப் பணம் கொடுத்ததாக நான் தேடிய வரையில் ஓர் உதாரணம்கூடக் கண்ணில் படவில்லை. பயம் வரும்போது கொடுத்திருக்கிறது. ராக்கெட்டைக் கண்ட பயம், துப்பாக்கியைக் கண்ட பயம். பயந்தவன் கொடுக்கும் பணத்துக்கு ஆயுள் நான்கைந்து வருஷம். அதற்குள் படிப்பை முடித்துக்கொள்கிறவர் பாக்கியசாலி.

இனிச் சேருகிறவர்களுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம், முதுகலை மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்கிவந்த கிராட் ப்ளஸ் கடனை 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நிறுத்துகிறது. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர்வரை கடன்; மற்ற முதுகலைகளுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். கல்வித் துறை வகுத்த தொழிற்படிப்புப் பட்டியலில் மருத்துவ உளவியல் இருக்கிறது, கவுன்சலிங் இல்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் நிகராகப் பயிற்சி தர வேண்டும் என்று 1908-இல் எழுதிய பார்சன்ஸ் இதைப் பார்த்திருந்தால் இன்னொரு தேர்தலில் நின்றிருப்பார்.

படித்து முடித்தவர்களுக்கு மட்டும் காலம் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்ற மனநல ஆலோசகர்கள் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் நேரடியாகக் கட்டணம் கேட்கலாம். உளவியலாளருக்குத் தருவதில் 75 விழுக்காடு. ஒரு மாநில உரிமத்தோடு இன்னொரு மாநிலத்திலும் பணியாற்ற வகை செய்யும் ஒப்பந்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ மாணவர் விசாவில் இந்தப் படிப்புக்கு வர நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன மத்திய அரசு ஃபெலோஷிப்பும் கடனும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். விசாவில் வருகிறவர்களுக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் துறைக்குள்ளேயே கிடைக்கும் அசிஸ்டன்ட்ஷிப். அதற்கு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே எழுதிக் கேட்பது நல்லது.

அண்ணன் மகள் இங்கே பிறந்தவள், அவளுக்கு அந்தத் தடை இல்லை. அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் எந்தச் சட்டத்தின் கீழ் இந்த நிதி வருகிறது, எந்த ஆண்டோடு முடிகிறது, நடுவில் நின்றால் வேலை ஒப்பந்தம் என்னவாகும் என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். துறைக்கு எழுதி மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டு விண்ணப்பித்தாள். ஏன் இந்தப் பணிக்கு வருகிறாய் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் ஆர்வத்தோடு அனுப்பிய பார்சன்ஸ், ஸ்புட்னிக் குறிப்புகளில் ஒரு வரியைக்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை. தான் படித்த நடுநிலைப் பள்ளியில் மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஆலோசகர் இருந்ததையும், ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் அவர் அறை வாசல்வரை போய், வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததையும் எழுதியிருந்தாள். அண்ணனுக்கும் எனக்கும் அது அன்றுவரை தெரியாது.